உடைந்த கதவுக் கண்ணாடியும் காப்புறுதிப் பத்திரமும்

மோட்டார் கார் ஒரு காலத்தில் வைத்தியருக்கும் வழக்கறிஞருக்கும் போடியாருக்கும் மாத்திரமே உரிய பொருளாயிருந்தது. இன்றோ ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு வியாபாரி, வெளிநாட்டில் உழைத்து மீண்டவர் எனப் பலருடைய முற்றத்திலும் அது நிற்கக் காண்கிறோம். வண்டியை வாங்குமுன் அதன் நிறத்தையும் இயந்திரத்தையும் பத்துப் பேரிடம் கேட்டு ஆராயும் நாம், அதற்குரிய காப்புறுதிப் பத்திரத்தை ஒரு முறையேனும் முழுவதும் படிப்பதுண்டா? ஆண்டுதோறும் பணத்தைக் கட்டிப் பத்திரத்தை வண்டியின் இழுப்பறையில் வைத்துவிடுகிறோம். பொலிசார் மறிக்கும்போது எடுத்துக் காட்டுகிறோம். அதில் எழுதியிருப்பது யாது என்ற கேள்வி, வண்டிக்குத் தீங்கு நேர்ந்த அன்றே நமக்கு எழுகின்றது.

பெரிய விபத்தெனில் அக்கேள்விக்கு விடை காண்பது எளிது. வண்டி நொறுங்கிவிட்டால் காப்புறுதி நிறுவனத்தை நாடுவதன்றி வேறு வழியில்லை. சிறு தீங்கு நேரும்போதுதான் மனம் தடுமாறுகின்றது. கதவுக் கண்ணாடி ஒன்று உடைந்துவிட்டது. காப்புறுதியிற் கேட்பதா, கைப்பணத்திற் போடுவதா? இக்கேள்வியை ஆராய்வதே நம் நோக்கம். பக்கக் கண்ணாடி என்றால் பின்னால் வருவதைப் பார்க்கும் சிறு கண்ணாடியைக் கருதுவோரும் உளர். நாம் இங்கே கூறுவது கதவில் ஏறி இறங்கும் கண்ணாடியையே.

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் வாழும் நமக்கு இத்தகைய இடர் புதிதன்று. எழுவான்கரையில் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊருக்கு ஊர் தென்னஞ்சோலை; நிழல் கருதி மரத்தடியில் வண்டியை விட்டவர் மீண்டு வரும்போது தேங்காயோ மட்டையோ கதவின்மேல் விழுந்து கிடப்பதைக் காணலாம். வாவிக்கு அப்பால் படுவான்கரையின் கிறவல் வீதிகளில், எதிரே செல்லும் உழவு இயந்திரத்தின் சில்லு கிளப்பும் கல் கண்ணாடியிற் பட்டுத் தெறிக்கலாம். சிறுவர் ஆடும் கிரிக்கெட் பந்தும், கைப்பையைக் கண்டு ஆசைப்பட்ட திருடனின் கையும் இதே வேலையைச் செய்யக்கூடியன. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பொழியும்போது கண்ணாடியில்லாத கதவுடன் ஒரு நாளைக் கழிப்பதும் அரிது.

கதவுக் கண்ணாடியை ஏன் ஒட்ட முடியாது?

காப்புறுதியைப் பற்றிக் கூறுமுன் கண்ணாடியைப் பற்றிச் சிறிது அறிதல் நன்று. மாணவர்களுக்கும் இது பயன்படும். வண்டியின் முன்கண்ணாடியும் கதவுக் கண்ணாடியும் ஒரே வகையின அல்ல. முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்லிய பிளாஸ்திக் படலம் ஒன்றை வைத்து ஒட்டியது. பிரான்சு நாட்டு எடுவார் பெனடிக்டஸ் என்பார் 1903ஆம் ஆண்டில், கீழே விழுந்தும் சிதறாத ஆய்வுகூடக் குடுவை ஒன்றைக் கண்டு, அதன் உட்புறத்திற் படிந்திருந்த படலமே காரணம் என உணர்ந்தார். அவர் 1909இல் உரிமை பெற்ற முறையே இதற்கு முன்னோடி. இக்கண்ணாடியிற் கல் பட்டால் வெடிப்பு உண்டாகுமேயன்றித் துண்டுகள் உதிர்வதில்லை. வெடிப்புச் சிறிதாயின் பிசின் செலுத்தி அதனைச் சரிசெய்தலும் கூடும்.

கதவுக் கண்ணாடியோ, பெரும்பாலும், பதப்படுத்தி வன்மையூட்டிய ஒற்றைக் கண்ணாடி. அதனை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உடனே குளிர்ந்த காற்றை இருபுறமும் வீசச் செய்வர். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பின்னர் ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை இறுக்கி அழுத்தும். இந்த அழுத்தமே அதற்குச் சாதாரணக் கண்ணாடியிலும் பன்மடங்கு வலிமை தருகின்றது. ஆயினும் ஓரத்திற் கூர்மையான கல்லொன்று ஆழப் பதிந்தால் உள்ளே அடங்கியிருக்கும் விசை முழுவதும் ஒரே கணத்தில் விடுபட, கண்ணாடி முழுவதும் கற்கண்டுபோன்ற சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். மனிதரின் உடலைக் கிழிக்காதிருப்பதற்கென்றே அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஆகவே கதவுக் கண்ணாடி உடைந்தால் திருத்துதல் என்ற பேச்சே இல்லை. புதிதாகப் போடுதல் ஒன்றே வழி.

பத்திரத்தில் யாது எழுதியிருக்கிறது?

நமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், வீதியில் ஓடும் வண்டிக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. நமது வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கே அது பொறுப்பேற்கும். நமது கண்ணாடிக்கு அதிலிருந்து ஒரு சதமும் கிடையாது. "காப்புறுதி இருக்கிறதே!" என்று நம்பியிருந்து, கண்ணாடி உடைந்த பின்னரே தமது பத்திரம் மூன்றாந் தரப்புப் பத்திரம் என அறிவோர் இன்றும் உளர். நமது வண்டியின் சேதத்துக்கும் நட்டஈடு பெற வேண்டுமாயின் முழுக் காப்புறுதி செய்திருத்தல் வேண்டும்.

முழுக் காப்புறுதியிலும் எல்லாம் அடங்கிவிடும் என எண்ணலாகாது. கலகம், வேலைநிறுத்தம் முதலியவற்றின்போது எறியப்பட்ட கல்லால் உடைந்த கண்ணாடிக்குச் சாதாரணப் பத்திரம் பொறுப்பேற்பதில்லை. அதற்கென மேலதிகப் பணம் கட்டியிருத்தல் வேண்டும். இவ்வகைக் காப்புறுதியைத் தாங்கி நிற்பது, 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். புயலும் வெள்ளமும் பல பத்திரங்களில் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டியவையாகவே உள்ளன. 1978 நவம்பரில் வீசிய சூறாவளியையும், 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நமது மாவட்டத்தை மூடிய வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு இச்சேர்க்கையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கண்ணாடிக்கெனத் தனி வரம்பொன்று சில பத்திரங்களிற் குறிக்கப்பட்டிருக்கும். அது முன்கண்ணாடிக்கு மாத்திரமா, எல்லாக் கண்ணாடிகளுக்குமா என்பதை அந்த வரியைப் படித்தே அறிதல் வேண்டும்.

"பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்களே, எனக்கேன் இல்லை?" என்று கேட்பதிற் பயனில்லை. 1964ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் ஒன்றே மோட்டார்க் காப்புறுதியை நடத்திய காலம் ஒன்றிருந்தது. 1980களின் பிற்பகுதியில் தனியார் நிறுவனங்களுக்கும் இடமளிக்கப்பட்டது. இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் பத்திரமும் வேறு, விதியும் வேறு.

கூட்டிக் கழித்துப் பார்ப்போம்

பத்திரம் இடம்கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் கேட்பது இலாபமா என்று கணக்கிட வேண்டும். இங்கே இரண்டு செய்திகள் முக்கியமானவை. முதலாவது, ஒவ்வொரு சேதத்திலும் உரிமையாளர் தாமே ஏற்க வேண்டியதெனப் பத்திரத்திற் குறித்த தொகை. இரண்டாவது, நட்டஈடு கேளாமற் கழிந்த ஆண்டுகளுக்காகக் கட்டுப்பணத்தில் நமக்கு விடப்படும் கழிவு. நோ கிளெய்ம் போனஸ் என்று பலரும் வழங்குவது இதனையே. ஒரு முறை நட்டஈடு பெற்றால் இக்கழிவு குறையலாம், அற்றும் போகலாம்.

உதாரணத்துக்காக நாம் சில எண்களை அமைத்துக்கொள்வோம். ஒருவருடைய முழுக் கட்டுப்பணம் ரூபா 80,000. அவருக்குரிய கழிவு 40 சதவீதம். ஆகவே அவர் கட்டுவது ரூபா 48,000. கண்ணாடிக்கும் கூலிக்கும் ரூபா 20,000 செலவு. அவர் தாமே ஏற்க வேண்டியது ரூபா 5,000. எனவே நிறுவனம் கொடுப்பது ரூபா 15,000. அடுத்த ஆண்டு கழிவு 20 சதவீதமாகக் குறைந்துவிட்டால் அவர் கட்ட வேண்டியது ரூபா 64,000. அதாவது ரூபா 16,000 அதிகம். பதினையாயிரத்தைப் பெறப் பதினாறாயிரத்தை இழந்தார்! கழிவு மீண்டும் பழைய நிலைக்கு ஏறும்வரை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இழப்புத் தொடரும்.

இதே வண்டியின் கதவும் நெளிந்து, மொத்தச் செலவு ரூபா 90,000 ஆயின், அவருக்குக் கிடைப்பது ரூபா 85,000. அப்பொழுது கேளாதிருத்தல் அறிவீனம். கண்ணாடிக்கெனத் தனி வரம்பிருந்து, அதன்கீழ்ப் பெறும் பணம் கழிவைப் பாதியாது என்று பத்திரம் கூறினாலும் தயங்காமற் கேட்கலாம். ஆகவே, நட்டஈடு கேட்பதற்கு முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "இதனைப் பெற்றால் வருகிற ஆண்டு நான் எவ்வளவு கட்ட வேண்டும்?"

பழைய வண்டிக்குப் புதிய உதிரிப்பாகம் போடும்போது வண்டியின் வயதுக்கேற்ப ஒரு பகுதியை நிறுவனங்கள் கழித்துக்கொள்வதுமுண்டு. அது கண்ணாடிக்கும் பொருந்துமா என்பதையும் உடன் கேட்டறிக. ஜப்பானில் ஓடிய பின்னர் இங்கு வந்த வண்டிகளே நம்மிடையே மிகுதி. அவற்றுக்கு ஏற்ற பழைய கண்ணாடி, உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன கொழும்புப் பஞ்சிகாவத்தையிற் கிடைக்கலாம். மட்டக்களப்பிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளதாகையால், அனுப்புகூலியையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

உடைந்த அன்று செய்ய வேண்டியவை

முதலில், துண்டுகளை அள்ளுமுன் வண்டியை உள்ளும் புறமுமாகப் படம் எடுத்துக்கொள்க. எண்தகடும் படத்தில் விழட்டும். அடுத்து, நிறுவனத்தின் தொலைபேசிக்கு அப்பொழுதே அறிவிக்க. அவர்கள் பார்வையிடுமுன், அல்லது பார்வையிடத் தேவையில்லை என்று கூறுமுன், கராஜுக்குச் சென்று புதுக் கண்ணாடி போட்டுவிட்டால் பின்னர் வழக்காடிப் பயனில்லை. திருட்டாயினும் வேண்டுமென்று செய்த சேதமாயினும் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிவு செய்து அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்க. வண்டிக்குள்ளிருந்து களவுபோன கைப்பைக்கும் கணினிக்கும் மோட்டார்க் காப்புறுதி பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மழை வந்தால் தடித்த பொலித்தீனால் திறப்பை மூடலாம். நட்டம் பெருகாமற் காப்பதும் நமது கடமையே. கதவின் உட்குழியில் விழுந்த துண்டுகளை முழுதும் அகற்றும்படி கராஜ்காரரிடம் சொல்ல வேண்டும். இல்லையேல் புதுக் கண்ணாடி ஏறி இறங்கும்போது அவை அதனைக் கீறிவிடும். இறுதியாக, பற்றுச்சீட்டைப் பெற மறவாதீர்.

வாய்மையே அடித்தளம்

இத்தருணத்தில் நல்லவர்க்கும் ஒரு சபலம் எழுவதுண்டு. "கதவிலிருந்த பழைய கீறலையும் இத்தோடு சேர்த்துவிடலாமே, கம்பனிப் பணந்தானே" என்று யாராவது காதிற் சொல்வார். கம்பனிப் பணம் என்பது யாருடைய பணம்? நமது கிராமங்களின் மரண உதவிச் சங்கங்களை நோக்குக. எல்லாரும் சிறிது சிறிதாகக் கட்டுகின்றனர். துக்கம் நேர்ந்த வீட்டுக்கு அப்பணம் போகின்றது. பொய்க் கணக்குக் காட்டி அப்பணத்தை எடுப்பவனை ஊர் மன்னிக்குமா? காப்புறுதியும் அதே தத்துவத்தில் எழுந்ததே. நிறுவனம் இலாபம் கருதி நடத்தினும், பொய்யாகப் பெறப்படும் ஒவ்வொரு ரூபாவும் மற்றவர்களின் கட்டுப்பணத்தில் ஏறவே செய்யும். சட்டத்தின் கண்ணிலும் இது சிறு குற்றமன்று. கோரிக்கையில் ஒரு பகுதி பொய்யென நிறுவப்பட்டால், உண்மையான கண்ணாடிக்குரிய பணமும் மறுக்கப்படலாம்.

இந்த நேர்மை ஒருபுறத்துக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தில் 1766ஆம் ஆண்டு மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்பளித்த வழக்கொன்று காப்புறுதிச் சட்டத்திற் பெயர்பெற்றது. சுமாத்திராத் தீவிலிருந்த மால்பரோக் கோட்டைக்கு அதன் ஆளுநர் காட்டர் என்பார் காப்புறுதி செய்திருந்தார். கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். கோட்டையின் பலவீனத்தைத் தம்மிடம் மறைத்துவிட்டார் என்று கூறிக் காப்புறுதியளித்தவர் பணங்கொடுக்க மறுத்தார். காப்புறுதி என்பது இருதரப்பினரின் முழு நேர்மையிலும் தங்கிய ஒப்பந்தம் என்று விளக்கிய நீதிபதி, இவ்வழக்கில் வெற்றியை ஆளுநருக்கே அளித்தார். வாடிக்கையாளர் மறைக்கலாகாது, நிறுவனம் சாக்குப்போக்குச் சொல்லலாகாது.

அவ்வாறு நியாயமான கோரிக்கையை நிறுவனம் மறுத்தால் சோர்ந்திருக்க வேண்டியதில்லை. மறுப்புக்குரிய காரணத்தை எழுத்திற் கேட்டுப் பெறுக. நிறுவனத்தின் மேலிடத்துக்கு முறையிட்டும் பயனில்லையேல், ஒம்புட்ஸ்மன் எனப்படும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு எழுதலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிறுவனங்களைக் கண்காணிக்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். படங்களும் பற்றுச்சீட்டும் கடிதப் பிரதிகளும் அப்பொழுது நமக்குச் சாட்சி சொல்லும்.

நம்மால் தாங்கவியலாத இழப்பை ஊரோடு பகிர்ந்துகொள்வதற்கே காப்புறுதி ஏற்பட்டது. தாங்கக்கூடிய சிறு இழப்பை நாமே ஏற்றுக்கொள்வது பல வேளைகளில் இலாபமாகவும் முடிகின்றது. எது எவ்வகை என்பதைப் பத்திரத்தைப் படித்தவரே அறிவர். இன்று ஓய்வு நாள். இழுப்பறையில் உறங்கும் அந்தப் பத்திரத்தை எடுத்து, உயர்வகுப்பிற் படிக்கும் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடி எந்த வரியில் வருகின்றது, புயல் வருகின்றதா, நாமே ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்ற மூன்றையும் ஒரு தாளிற் குறித்துப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். பருவமழை தொடங்குமுன் செய்து முடிக்க இதனிலும் எளிய வேலை வேறில்லை.