சத்தமாக வாசிக்க ஒரு காது

முப்பது ஆண்டுகளுக்கு முன் தருமபுரி மாவட்டத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் கருவி என்றால் கரும்பலகை, சுண்ணக்கட்டி, சிலேட்டு அவ்வளவுதான். 1987-இல் வந்த கரும்பலகைத் திட்டமே பள்ளிக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைத் தளவாடங்கள் என்பதைத்தான் இலக்காக வைத்திருந்தது. ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் முன்னால் சொல்ல, எல்லோரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை அந்தக் கூட்டுக் குரலுக்குள் சுலபமாக ஒளிந்துகொள்ளும். மனப்பாடமாகச் சொல்லும், வாசிக்கத் தெரியாது; அப்படியே ஐந்தாம் வகுப்பும் முடிந்துவிடும்.

பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரிக்கும் கீழே இருந்த மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து 1994-இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் முதல் பட்டியலிலேயே தருமபுரி இருந்தது. வட்டார வள மையங்களும் ஆசிரியர் பயிற்சிகளும் படஅட்டைகளும் அதன் வழியே வந்தன. 2007-08-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் இன்னொன்றைச் செய்தது. பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை அமைத்து, ஒவ்வொருவருக்கும் எழுத ஓர் இடம் கொடுத்தது. மின்சாரமே தேவைப்படாத அந்தத் தாழ்வான கரும்பலகையை நான் இன்றும் பெரிய கண்டுபிடிப்பாகவே மதிக்கிறேன். ஒளிந்துகொள்ள முடியாத இடம் அது.

ஆனாலும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருந்தபோது தருமபுரி 68.54-இல் நின்றது. மாவட்டங்களில் கடைசி இடம். அந்தக் கணக்கில் எழுத்தறியாதவர்களாகப் பதிவான பலர் இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் தாய், தந்தை, தாத்தா, பாட்டி என்பதை மறந்துவிட்டு இந்த மாவட்டத்தின் கல்வியைப் பேச முடியாது.

இன்று சுவரில் திரை இருக்கிறது. 2018 முதல் பாடநூல்களில் கியூஆர் குறியீடு வந்தது, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி. பிறகு திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள். இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடலைப் பார்த்திராத பிள்ளைக்குத் திரையில் தெரியும் கடல் சிறிய விஷயமல்ல. ஆனால் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில், முன்னால் நின்று பேசும் திரை பழைய முறையைத்தான் வெளிச்சம் போட்டுத் தொடர்கிறது. பின்வரிசைப் பிள்ளை இன்னும் ஒளிந்துதான் இருக்கிறது.

உண்மையான மாற்றம் பேசும் கருவியால் வரவில்லை, கேட்கும் கருவியால் வந்தது. கூகுளின் ரீட் அலாங் செயலியில் பிள்ளை ஒரு கதையைச் சத்தமாக வாசிக்கிறது. செயலி அதைக் கேட்டு, சரியாக வாசித்த சொல்லை அடையாளம் காட்டுகிறது. தடுமாறினால் அந்தச் சொல்லை உச்சரித்துக் காட்டுகிறது. ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையமே வேண்டாம். 2019-இல் தமிழும் இதில் சேர்ந்தது. கொரோனாவுக்குப் பின் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வி இயக்கம் இதைக் கையில் எடுத்து, 2022 ஜூனில் மாநிலம் முழுவதும் வாசிப்பு மாரத்தான் நடத்தியது. லட்சக்கணக்கான பிள்ளைகள் வாசித்தார்கள்.

தருமபுரிக்கு இது ஏன் முக்கியம்? இங்கே வீட்டில் கேட்க ஆளில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலை, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி, சித்தேரி மலையிலிருந்து கேரளத் தோட்ட வேலை என்று பெற்றோர் போய்விட, பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. பிள்ளை தப்பாக வாசித்தாலும் பாட்டிக்குத் தெரியாது. செல்போன் அப்பாவோடு பெங்களூரில் இருக்கிறது. மலையூர்களில் சிக்னலையும் நம்ப முடியாது, பாதையையும் நம்ப முடியாது. பென்னாகரம் பகுதியின் கோட்டூர் மலைக்கு தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களையே கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். ஆகவே கருவி வீட்டில் இருக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. அது பள்ளியின் சொத்தாக, இணையமில்லாமல் இயங்குவதாக, பிள்ளையின் கைக்கு வருவதாக இருக்க வேண்டும்.

2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மதிப்பீட்டு விவரங்களைப் பதிவேற்றும் வேலையே ஆசிரியரின் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டு வருகின்றன. பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டிய கருவி அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்பவே பயன்பட்டால் அதனால் பிள்ளைக்குப் பயனில்லை. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகளும் இந்த மாவட்டத்தில் உண்டு. அவர்களுக்குச் சொல்லின் ஒலியைச் செயலி சொல்லும். பொருளை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்கு நேரம் வேண்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது தவறாமல் போய் உட்காருங்கள். எத்தனை திரை வந்தது என்று கேட்க வேண்டாம். என் பிள்ளை இந்த வாரம் எவ்வளவு நேரம் தனியாகச் சத்தமாக வாசித்தது, அதை யார் கேட்டார்கள் என்று கேளுங்கள்.