பெயிண்ட் அடிச்ச பிறகு கதவு இடிக்குதா? பழைய பிக்கப் டிரக்கில் ‘கேப்’ சரிசெய்வது எப்படி?

அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரலே சி-10 பிக்கப் டிரக்குகளை இன்றும் பலர் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிறார்கள். மாதக்கணக்கில் உழைச்சு, பளபளன்னு பெயிண்டும் அடிச்சாச்சு. கதவை மாட்டினால் அதன் ஓரம் ஃபெண்டரில் இடிக்குது. புது பெயிண்ட் பெயர்ந்து வருது. தப்பு எங்கே?

கேபின்தான் தொடக்கம்

இந்த வண்டியில் கேபின், சேசிஸ் மேல் ரப்பர் தாங்கிகளில் தனியாக உட்கார்ந்திருக்கும். பழைய ரப்பர் நசுங்கினால் கேபினும் சாயும். அதனால் முதலில் புது ரப்பர் போட்டு, தேவையான இடத்தில் ‘ஷிம்’ எனப்படும் மெல்லிய தகடு வைத்து கேபினை நேராக்க வேண்டும்.

அடுத்து என்ன?

கீல் போல்ட்டைத் தளர்த்தி, கதவை நகர்த்தி கேபினோடு பொருத்தணும். பிறகு கதவுக்கு ஏற்ப ஃபெண்டர், ஃபெண்டருக்கு ஏற்ப பானட். ஒரே தடிமன் உள்ள அட்டைத் துண்டை இடைவெளியில் ஓட்டிப் பார்த்தால், எங்கே இறுக்கம், எங்கே அகலம் என்று தெரிந்துவிடும்.

இதை மறக்காதீங்க

வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது அளக்க வேண்டாம். இன்ஜினை ஏற்றி, நாலு டயரிலும் நிறுத்திய பிறகே அளக்கணும். கதவு ரப்பர் பீடிங்கையும் மாட்டிப் பாருங்க; புது பீடிங் கதவை வெளியே தள்ளும்.

இத்தனையும் பெயிண்டுக்கு முன்பே முடியணும். பாகங்களைக் கழற்றும் முன், கீலையும் கதவையும் சேர்த்து சின்ன துளை போட்டு வைத்தால், பெயிண்டுக்குப் பிறகு அதே இடத்தில் மாட்டலாம். இல்லைன்னா டிங்கரிங், பெயிண்ட் இரண்டுக்கும் மறுபடி செலவுதான்.