சிறு சொற்களின் பெருங் காரியம்

இங்கிலீஷில் ஒரு விண்ணப்பமோ தீர்மானமோ எழுத வேண்டுமென்றால், நம்மவரில் பலர் கம்பீரமான பதங்களைத் தேடி அகராதியைப் புரட்டுகிறார்கள். அவை கிடைத்துவிட்டால் காரியம் முடிந்ததென்று திருப்தியடைகிறார்கள். வாக்கியத்தோடு வாக்கியத்தைப் பிணைக்கின்ற 'பட்', 'பிகாஸ்', 'தேர்ஃபோர்', 'ஹவெவர்' முதலிய சிறு சொற்களைப் பற்றி அவர்கள் கவலை கொள்வதில்லை. இது பெரும் பிழை என்பது நமது அபிப்பிராயம். பெரிய பதங்கள் விஷயத்தைச் சொல்லும். ஒரு விஷயத்திலிருந்து மற்றொரு விஷயம் எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சொல்பவை இச் சிறு சொற்களே.

இன்று இது நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். 1947இல் ஆங்கில ஆட்சி நீங்கிற்று. ஆங்கில பாஷை நீங்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டிலும் சென்னை ஹைக்கோர்ட்டிலும் விவகாரங்கள் இன்றும் இங்கிலீஷிலேயே நடக்கின்றன. தம் ஊர் ஏரியைக் காக்க வழக்காடுபவரும் தமது நியாயத்தை அந்தப் பாஷையிலேயே தொடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொடுக்கத் தெரியாவிட்டால் கையிலுள்ள உண்மையும் அரைப் பயனே தரும்.

நம்மவர் இதில் இடறுவதற்குத் தக்க காரணம் உண்டு. 'மழை பெய்ததால் ஆறு பெருகிற்று' என்கிறோம். 'மழை பெய்தும் ஆறு பெருகவில்லை' என்கிறோம். முன்னதில் 'ஆல்' என்பதும், பின்னதில் 'உம்' என்பதும் வினையோடு ஒட்டிநின்றே சம்பந்தத்தை உணர்த்திவிடுகின்றன. தொல்காப்பியர் இத்தகைய சொற்களுக்கென்றே இடையியல் என ஓர் இயல் வகுத்து, 'உம்' ஒன்றுக்கு மட்டும் எட்டுப் பொருள் கூறினார். இங்கிலீஷிலோ இந்த வேலையைப் பெரும்பாலும் தனிச் சொல்லே செய்ய வேண்டும். அதை மறந்தவர் எழுதும் வாக்கியங்கள் நூலறுந்த மணிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. வேறு சிலரோ ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் 'மோரோவர்' என்றும் 'ஃபர்தர்' என்றும் சூட்டி விடுகிறார்கள். 'மேலும்', 'மேலும்' என்று அடுக்கிக்கொண்டே போவதால் ஒரு கட்சி நிரூபணம் ஆகிவிடாது.

இச் சொற்களை எவ்வாறு ஆளவேண்டுமென்பதற்கு நம் தேச சரித்திரத்திலேயே சிறந்த உதாரணம் இருக்கிறது. 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண ஸ்வராஜ்யமே லக்ஷ்யம் என முடிவு செய்தது. அதையொட்டி 1930 ஜனவரி 26ந் தேதி நாடெங்கும் ஜனங்கள் ஒரு பிரதிக்ஞை எடுத்துக்கொண்டனர். அதன் இங்கிலீஷ் வாசகத்தை இணைப்புச் சொற்களின் மீது கண்வைத்துப் படித்துப் பாருங்கள்.

எல்லா ஜனங்களையும் போல இந்திய ஜனங்களுக்கும் சுதந்திரம் பிறப்புரிமை என்று அது தொடங்குகிறது. 'ஆல்ஸோ' என்ற சொல்லால் இரண்டாவது கொள்கையைச் சேர்க்கிறது: அவ்வுரிமையைப் பறித்துக் கொடுமை செய்யும் அரசாங்கத்தை மாற்றவும் ஒழிக்கவும் ஜனங்களுக்கு உரிமை உண்டு. அடுத்து, சுதந்திரத்தைப் பறித்தது மட்டுமன்றி, சுரண்டலையே அஸ்திவாரமாகக் கொண்டு, பொருளாதாரம், அரசியல், பண்பாடு, ஆன்மிகம் ஆகிய நான்கு துறைகளிலும் ஆட்சி தேசத்தைக் கெடுத்தது என்று குற்றத்தின் அளவை உயர்த்துகிறது. அதன் பிறகுதான் 'தேர்ஃபோர்' வருகிறது: ஆகவே பிரிட்டிஷ் தொடர்பை அறுத்துப் பூரண ஸ்வராஜ்யம் பெறவேண்டும். கொள்கையும் குற்றமும் முன்னே நிற்பதால், முடிவு வெறும் கோபமாக இராமல் நியாயமாக நிற்கிறது.

இதனினும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. இத்தகைய ஆட்சிக்கு இனியும் அடங்கியிருப்பது மனிதனுக்கும் தெய்வத்துக்கும் செய்யும் துரோகம் என்று பிரதிக்ஞை கூறுகிறது. இவ்வாக்கியத்தைக் கேட்டவன் அடுத்த கணம் ஆயுதத்தைத் தேடக்கூடும். அங்கேதான் 'ஹவெவர்' குறுக்கே நிற்கிறது: ஆயினும், சுதந்திரம் பெறச் சிறந்த வழி பலாத்காரமன்று. உடனே மறுபடியும் ஒரு 'தேர்ஃபோர்': ஆகையால் ஒத்துழைப்பை விலக்கி, வரிகொடாமை உள்பட சட்டமறுப்புக்குத் தயாராவோம். அந்த 'ஆகையால்' காகிதத்தோடு நின்றுவிடவில்லை. மார்ச்சு 12ந் தேதி காந்தியடிகள் சாபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்டார். ஏப்ரல் 13ந் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்.

இணைக்கும் சொற்கள் மறைக்கவும் பயன்படும். 1858 நவம்பர் 1ந் தேதி வெளியான விக்டோரியா மகாராணியின் பிரகடனம், ஜாதி மத பேதமின்றி எல்லாப் பிரஜைகளும் சர்க்கார் உத்தியோகங்களில் தாராளமாகச் சேர்க்கப்படுவர் என்றது. ஆனால் வாக்குறுதியின் நடுவே 'கூடிய மட்டில்' என்று பொருள்படும் ஒரு சிறு தொடர் செருகப்பட்டிருந்தது. எம்மட்டில் கூடும் என்று தீர்மானிப்பவரோ வாக்களித்தவரே! சிவில் சர்வீஸ் பரீட்சை இந்திய மண்ணில் முதன்முதலாக நடந்தது 1922இல்தான். 1930ஆம் வருஷத்துப் பிரதிக்ஞையிலும் 'எங்களால் கூடிய மட்டில்' ஒத்துழைப்பை விலக்குவோம் என்ற தொடர் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அது தம் சக்தியைத் தாமே அளந்து சொன்ன அடக்கம். பிரகடனத்தில் உள்ளதோ பிறர் உரிமைக்கு இட்ட அளவு.

ஆகவே எழுதுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 'தேர்ஃபோர்' எழுதியதும், அதற்கு முன்னுள்ள வாக்கியங்கள் மட்டுமே அம்முடிவைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாங்காவிடில், சொல்லை மாற்றிப் பயனில்லை, காரணத்தைத் தேடுங்கள். 'பட்' வரும் வாக்கியத்தில் பாரம் முழுவதும் பின்பகுதியில் விழும். 'மனு நியாயமானது, ஆனால் பணமில்லை' என்பது மறுப்பு. 'பணமில்லை, ஆனால் மனு நியாயமானது' என்பது நம்பிக்கை. செய்தி இரண்டிலும் ஒன்றே. 'பட்' ஒரே வாக்கியத்துக்குள் இரு பகுதிகளை இணைக்கும். 'ஹவெவர்' அவ்வாறு இணைக்காது. அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், காற்புள்ளி போதாது.

பிறர் எழுதியதைப் படிக்கும்போதும் இக்கண்ணோடு படிக்க வேண்டும். அதிகாரிகளின் கடிதம் வந்தால், இனிய முதல் பகுதியைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், 'பட்' எங்கே நிற்கிறதென்று பாருங்கள். பதில் அதற்குப் பின்னேதான் இருக்கும்.