இருமலில் இரத்தம் கண்டால்

1820ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஓரிரவு, ஆங்கிலக் கவிஞர் ஜோன் கீற்ஸ் இருமியபோது படுக்கையில் இரத்தத் துளி வீழ்ந்தது. மருத்துவம் பயின்றவராகிய அவர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதன் நிறத்தைக் கண்டதும் தமது முடிவு நெருங்கிவிட்டதென உணர்ந்தார். மறு ஆண்டு அதே மாதத்தில், 25 வயதில், உரோமாபுரியில் சயரோகத்தினால் மாண்டார்.

அந்நாளில் அந்நோய்க்கு மருந்தில்லை. அதனை உண்டாக்கும் கிருமியையே ஜேர்மன் அறிஞர் றொபேட் கொக் 1882இற்றான் வெளிப்படுத்தினார். இன்றோ ஆறு மாதம் ஒழுங்காக மருந்துண்டால் பெரும்பாலோர் பூரண சுகம் பெறுவர். இலங்கையில் அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் அம்மருந்து இலவசம். ஆயினும், “அயலார் அறிந்தால் பெண்ணின் கலியாணம் குழம்பிவிடுமே” என்றஞ்சி, கறைபட்ட கைக்குட்டையை மறைப்போர் இன்னும் உளர்.

இருமலில் காணும் இரத்தமெல்லாம் சயரோகமாகாது. மூச்சுக்குழாய் அழற்சியிலும் நியூமோனியாவிலும் சளி சிவக்கலாம். சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல் இருதய வால்வைச் சுருக்கிவிட்டால், சுவாசப்பையின் நுண்ணிய நாளங்களில் அழுத்தம் மிகுந்து இரத்தம் கசியும். கால் நாளத்தில் உறைந்த இரத்தக்கட்டி சுவாசப்பைக்குச் சென்று அடைத்தாலும் இவ்வாறு நேரும். வயலில் இறங்குவோரைப் பற்றும் எலிக்காய்ச்சலும் சிலவேளை காரணமாகும். நெடுங்காலம் சுருட்டோ சிகரெட்டோ புகைத்தவராயின் புற்றுநோயையும் ஐயுறல் வேண்டும்.

இரத்தம் எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்குக. சுவாசப்பையிலிருந்து வருவது பெரும்பாலும் செந்நிறமாய், நுரை கலந்து, இருமலுடன் வரும். இரைப்பையிலிருந்து வருவது கோப்பித்தூள் போற் கறுத்து வாந்தியாக வரும். மூக்கிலும் முரசிலும் கசிந்த இரத்தம் தொண்டையில் இறங்கிச் சளியோடு வருவதும் உண்டு.

எவ்வாறாயினும், துளியளவு கண்டாலும் வைத்தியரை நாடுக. மார்பின் எக்ஸ்றே படமும் சளிப் பரிசோதனையும் காரணத்தைக் காட்ட உதவும். சில தேக்கரண்டியளவுக்கு மேல் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு நொந்தாலோ கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. அதிக இரத்தம் வருகையில் மூச்சுவழி அடைபடுவதே பேராபத்து. ஆதலால் நோயாளியை மல்லாந்து கிடக்கவிடலாகாது. வாயில் எதனையும் புகட்டலாகாது.

சயரோகத்தை மறைத்தால் அது ஒருவரோடு நில்லாது. இருமலிற் பறக்கும் கிருமி அதே அறையில் உறங்கும் குழந்தைகளையும் பற்றும். ஆகவே, இரத்தம் கண்ட அன்றே அதனை வீட்டாரிடம் சொல்லுக. கேட்ட வீட்டாரும் முகஞ்சுளியாது நோயாளியை வைத்தியரிடம் அழைத்துச் செல்க.