ஆக்டிவேட் ஆகிவிட்டால் ஒரிஜினலா? நீங்களே அசெம்பிள் செய்த பிசியில் விண்டோஸ் லைசென்ஸ் எப்படி வேலை செய்கிறது?

ப்ராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கேபினெட் என ஒவ்வொன்றையும் விலை ஒப்பிட்டு வாங்கி வீட்டிலேயே பிசி அசெம்பிள் செய்பவர்கள் பட்ஜெட்டில் சேர்க்க மறக்கும் பொருள் ஒன்று உண்டு: விண்டோஸ் லைசென்ஸ். கடைசியில்தான் அது ஞாபகத்துக்கு வரும். முறையாக வாங்கினால் பல ஆயிரம் ரூபாய். ஆன்லைனில் தேடினால் சில நூறு ரூபாய்க்கு 'லைஃப்டைம் கீ' கிடைக்கிறது. இரண்டுமே 25 எழுத்துகள்தானே, எதற்கு அதிகமாகக் கொடுக்கணும்?

நீங்கள் காசு கொடுப்பது அந்த எழுத்துகளுக்கு அல்ல, பயன்படுத்தும் உரிமைக்கு. அந்த உரிமை உங்களோடு வருமா, மதர்போர்டோடு போய்விடுமா, அல்லது விற்றவருக்கே அது சொந்தமில்லையா? வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

ஆக்டிவேஷனின்போது என்ன நடக்கிறது?

2001-ல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்து சாதாரண பயனர்களும் ஆக்டிவேஷன் செய்யவேண்டி வந்தது. ஒரே சிடியை நண்பர்கள், அலுவலகம், அக்கம்பக்கம் என எல்லோரும் பகிர்ந்துகொள்வதைத் தடுப்பதுதான் நோக்கம்.

நீங்கள் கீயை டைப் செய்ததும், விண்டோஸ் உங்கள் கணினியின் பாகங்களை வைத்து ஓர் அடையாள எண்ணை உருவாக்குகிறது. கணினியின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்களேன். கீயும் கைரேகையும் மைக்ரோசாஃப்ட் சர்வருக்குப் போகின்றன. அந்தக் கீ செல்லுமா, அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டதா என்று சர்வர் பார்க்கும். எல்லாம் சரி என்றால் ஆக்டிவேட் ஆகிவிடும்.

விண்டோஸ் 10-ல் இருந்து இதோடு 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்ற முறையும் சேர்ந்தது. 'இந்தக் கைரேகை உள்ள கணினிக்கு உரிமை உண்டு' என்று சர்வரே பதிவு செய்துவைக்கும். அதனால் எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டாலும் கீ தேவையில்லை. இன்ஸ்டால் செய்யும்போது 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் இணைத்தால் போதும். ஒரே நிபந்தனை: முன்பு ஹோம் இருந்தால் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ. எடிஷன் மாறினால் ஆக்டிவேட் ஆகாது.

லேப்டாப்பில் ஏன் இந்தத் தொல்லை இல்லை?

விண்டோஸ் 8 காலத்தில் இருந்து, பெரிய நிறுவனங்கள் தயாரிக்கும் விண்டோஸ் லேப்டாப்களில் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிக்கப்பட்டு வருகிறது. விண்டோஸ் அதைத் தானாகவே படித்துக்கொள்ளும். நீங்கள் தனியாக வாங்கும் மதர்போர்டில் அப்படி எதுவும் இருக்காது. லைசென்ஸை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

மூன்று வகை லைசென்ஸ்

ரீடெயில்: தனிநபருக்கு விற்கப்படுவது. ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டும் பயன்படுத்தலாம். புதிய பிசி வாங்கினால், பழையதில் இருந்து நீக்கிவிட்டு புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஓஇஎம்: கணினி தயாரிப்பவர்களுக்கானது. விலை குறைவு. ஆனால் முதலில் ஆக்டிவேட் ஆன கணினியோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கணினி போனால் லைசென்ஸும் போச்சு. பழுதான மதர்போர்டுக்குப் பதில் அதே மாடலையோ இணையான ஒன்றையோ போடும்போது மட்டும் விலக்கு உண்டு. வேகமான ப்ராசஸருக்காக மதர்போர்டை அப்கிரேட் செய்தால் அது புதிய கணினியாகவே கருதப்படும்.

வால்யூம்: நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது. இதில் ஒரு வகைக் கீயைக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கணினிகளில் ஆக்டிவேட் செய்யலாம். இன்னொரு வகையில், நிறுவனத்தின் சொந்த சர்வரைத் தொடர்புகொண்டு கணினி புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை புதுப்பித்தால் 180 நாள் செல்லும். அலுவலக லேப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கில் இணைக்காமல் மாதக்கணக்கில் வைத்திருந்தால் ஆக்டிவேஷன் எச்சரிக்கை வருவது பெரும்பாலும் இதனால்தான்.

உங்களிடம் இருப்பது எது?

விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் ஆகிய ஐந்து எழுத்துகளையும் ஆங்கிலத்தில் சேர்த்து டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, ஒட்டியே டி, எல், ஐ என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் தகவலில் ரீடெயில், ஓஇஎம், வால்யூம் ஆகியவற்றில் ஒன்று இருக்கும். வீட்டு பிசியில் 'வால்யூம்' என்று வந்தால், விற்றவரிடம் விளக்கம் கேட்கவேண்டிய நேரம் அது.

எதை மாற்றினால் சிக்கல்?

ராம் சேர்ப்பது, கிராபிக்ஸ் கார்டை மாற்றுவது, கூடுதல் எஸ்எஸ்டி போடுவது இதற்கெல்லாம் பொதுவாக ஒன்றும் ஆகாது. கைரேகையில் அதிக எடை மதர்போர்டுக்குத்தான். அதை மாற்றினால் விண்டோஸுக்கு அது வேறு கணினி.

எனவே மதர்போர்டைக் கழற்றும் முன்பே, உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்து லைசென்ஸை அதோடு இணைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பக்கம் போனால், லைசென்ஸ் அக்கவுண்டோடு இணைந்திருக்கிறதா என்று தெரியும். மாற்றிய பிறகு அதே பக்கத்தில் உள்ள ட்ரபிள்ஷூட் வசதிக்குப் போய், 'சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பழைய கணினியின் பெயரைக் காட்டினால் உரிமை இடம் மாறும்.

இது ரீடெயில் லைசென்ஸுக்குத்தான். அக்கவுண்டோடு இணைத்துவிட்டால் ஓஇஎம் ரீடெயிலாக மாறிவிடாது.

'ஆக்டிவேட் ஆகிடுச்சே, அப்புறம் என்ன?'

மலிவுக் கீ விற்பவர்களின் முக்கிய வாதமே இதுதான். சர்வர் சரிபார்ப்பது கீயையும் எண்ணிக்கையையும் மட்டுமே. விற்றவருக்கு அதை விற்கும் உரிமை இருந்ததா என்று அந்த நொடியில் அதற்குத் தெரியாது. அந்தக் கீ ஒரு நிறுவனத்தின் வால்யூம் ஒப்பந்தத்தில் இருந்து கசிந்ததாக இருக்கலாம், உடைத்துப் போட்ட கணினியில் இருந்து எடுத்ததாக இருக்கலாம். பிறகு தெரியவந்தால் மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கும். அதற்குள் விற்றவரின் பக்கம் காணாமல் போயிருக்கும்.

'ஆக்டிவேட்டர்' மென்பொருள்கள் இதைவிட மோசம். அவற்றில் பல, நிறுவன சர்வர் போல நடித்து விண்டோஸை ஏமாற்றுபவை. அவற்றை ஓட்ட ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, அட்மின் அனுமதியும் கொடுக்கச் சொல்வார்கள். நெட் பேங்கிங்கும் கிளையன்ட் ஃபைல்களும் உள்ள கணினியில், யார் எழுதியது என்றே தெரியாத ஒரு ப்ரோகிராமுக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம் இது.

சட்டமும் இருக்கிறது. காப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவின்படி, உரிமம் மீறிய மென்பொருள் நகலைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. வருமானத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தாதபோது, உரிய காரணங்களைப் பதிவு செய்து, சிறைத் தண்டனை விதிக்காமல் 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். வீட்டிலிருந்து ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். வீட்டு பிசியானாலும் அதில் நீங்கள் சம்பாதிக்கிறீர்கள்.

ஆக்டிவேட் செய்யாமல் ஓட்டலாமா?

தொழில்நுட்ப ரீதியாக ஓடும். திரை ஓரத்தில் 'ஆக்டிவேட் செய்யுங்கள்' என்ற எழுத்து நிற்கும். வால்பேப்பர், தீம் போன்ற செட்டிங்ஸ் பூட்டியிருக்கும். ஆனால் பயன்படுத்தும் உரிமை வந்துவிட்டதாக அர்த்தமில்லை. பாகங்கள் எல்லாம் சரியாக வேலை செய்கின்றனவா என்று சில நாள் பார்க்க இது உதவும், நிரந்தர ஏற்பாடாகாது. விண்டோஸே கட்டாயமில்லை என்றால், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளுக்கு ஆக்டிவேஷன் என்ற பேச்சே இல்லை.

சரி, எதை வாங்குவது?

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அப்கிரேட் செய்பவரா நீங்கள்? ரீடெயில்தான் கணக்குக்குச் சரி. ஒருமுறை கொடுக்கும் தொகை அடுத்த பிசிக்கும் வரும். ஒரே மதர்போர்டை கடைசிவரை ஓட்டுபவர் என்றால் ஓஇஎம் போதும்.

எஸ்.பி. ரோடோ, நேரு பிளேஸோ, ரிச்சி ஸ்ட்ரீட்டோ, ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் லைசென்ஸ் வகையைக் குறிப்பிட்டு பில் கேளுங்கள். 'அதெல்லாம் போட முடியாது சார்' என்று பதில் வந்தால், அந்தக் கீயை வாங்க வேண்டாம்.