கனம்பண்ணுதலின் பாரம்

ஞாயிறு ஆராதனைக்கு வாராத மகனொருவரை நாம் கடிந்துகொண்டதுண்டு. அவரோ மருத்துவமனையில் தம் தாயாரின் படுக்கையண்டை இருந்தார். சிவகாசியில் தீக்குச்சி அடுக்கியும் பட்டாசுக்குத் திரி சொருகியும் தரையிற் குனிந்தே வாழ்நாளைக் கழித்த தாயார் அவர். எலும்பு மெலிந்த முதுமையில் சிறு அசைவும் முதுகெலும்பை நொறுக்கக்கூடும். கால்கள் மரத்துச் சிறுநீர் அடங்காவிடில் அன்றே மருத்துவரிடம் சேர்க்கவேண்டும். விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது நன்மையே. ஆயினும் புரட்டிப் படுக்கவைக்கவும் கழிப்பறைக்குத் தாங்கிச் செல்லவும் பிள்ளையே வேண்டும், நாட்கூலியும் போகும்.

யாத்திராகமம் 20:12இல் பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்லும் எபிரேய வினையின் வேர்ப்பொருள் பாரம். நம் ‘கனம்’ என்னும் சொல்லிலும் அப்பொருள் உண்டு. தல்மூது அதனை உண்பித்தல், உடுத்தல், அழைத்துச் சென்று அழைத்துவரல் என்று செயல்களாகவே விளக்குகிறது. மாற்கு 7இல் கொர்பானைக் குறித்து இயேசு கண்டித்தது, காணிக்கையைக் காட்டிப் பெற்றோரைக் கைவிடுதலையே. நாம் அம்மகனிடம் கேட்டதும் அத்தகைய காணிக்கையே.

மறுநாள் இரவு அவர் சற்று உறங்கும்படி, சபையின் பெண்கள் இருவர் முறைவைத்துத் துணையிருந்தனர்.