தெர்மாகோல் இறக்கையையே கரைத்துவிடும் ரெசின்! மாதிரி விமானத்துக்கு ஃபைபர் வாங்கும் முன் இதைக் கவனிங்க

தெர்மாகோலை அளவெடுத்து வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு வாரம் உழைத்துச் செய்த விமான இறக்கை. அதன் மேல் ஃபைபர் துணியை விரித்து ரெசின் பூசிய சில நிமிடங்களிலேயே இறக்கை குழி விழுந்து உள்ளே அமுங்கிப் போகிறது. மாதிரி விமானம் செய்யப் பழகுபவர்களுக்கு நடக்கக்கூடிய விபத்து இது. காரணம் கைத்தவறு இல்லை, கடையில் வாங்கிய ரெசின்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை போன்ற ஊரில் இருந்துகொண்டு விமானம் செய்ய நினைக்கும் மாணவருக்கு, ஏரோ மாடலிங் சாமான் கடை பக்கத்துத் தெருவில் இருக்காது. சுற்றுவட்டாரத்தில் சுலபமாகக் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி ஒட்டவும் மேற்கூரை ஷீட் போடவும் பயன்படும் ஃபைபர் சாமான்தான். அதில் எதை வாங்கலாம்? எதை வாங்கவே கூடாது? பார்க்கலாம்.

ஃபைபர் கிளாஸ் என்பது என்ன?

ஃபைபர் கிளாஸ் ஒரே பொருள் இல்லை, இரண்டின் கூட்டு. கண்ணாடியை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக இழுத்து நெய்த துணி ஒன்று. அந்தத் துணியை நனைத்து இறுகி நிற்கும் ரெசின் இன்னொன்று. கான்கிரீட்டுக்குள் கம்பி என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையை இங்கே இழை செய்கிறது. பாரத்தைத் தாங்குவது இழை. அதை நகராமல் பிடித்து வைப்பது மட்டுமே ரெசினின் வேலை.

பெரிய விமானங்களிலும் இதே முறைதான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உருவாகி 1957-ல் பறந்த 'ஃபீனிக்ஸ்' கிளைடர், கண்ணாடி இழையில் செய்த உலகின் முதல் கிளைடர். இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா கட்டை வைத்துச் செய்தார்கள். இந்தியாவில், பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய இரண்டு இருக்கை பயிற்சி விமானமான 'ஹன்சா' 1993-ல் முதன்முதலாகப் பறந்தது. அதன் உடலும் இழையும் ரெசினும் சேர்ந்த கலவைப் பொருள்தான். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், இஸ்ரோவில் தொடக்க காலத்தில் வேலை பார்த்த துறைகளில் ஃபைபர் பிளாஸ்டிக்கும் ஒன்று.

பாலியஸ்டரா, எபாக்ஸியா?

ரெசின் வாங்கும்போது முதல் கேள்வி விலை அல்ல. இறக்கைக்குள்ளே என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

தொட்டி, படகு, ஷீட் வேலைக்கு விற்கப்படுவது பாலியஸ்டர் ரெசின். விலை குறைவு, சீக்கிரம் இறுகும். ஆனால் அதில் ஸ்டைரீன் என்ற திரவம் கலந்திருக்கிறது. மூக்கைத் துளைக்கும் வாடை அதனுடையதுதான். தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். ஸ்டைரீன் பட்டால் தெர்மாகோல் வெந்நீரில் போட்ட வெல்லம் போலக் கரைந்துவிடும். கட்டடங்களில் வெப்பத் தடுப்புக்குப் போடும் நீல நிற, இளஞ்சிவப்பு நிற ஃபோம் ஷீட்டுக்கும் இதே கதிதான்.

எபாக்ஸி ரெசினில் ஸ்டைரீன் கிடையாது. தெர்மாகோலை அது தொடாது. மரத்திலும் பால்சாவிலும் நன்றாக ஒட்டும், இறுகும்போது சுருங்குவதும் குறைவு. விலை கூடுதல்தான். ஆனால் தெர்மாகோல் இறக்கைக்கு வேறு வழியில்லை.

அப்படியானால் பாலியஸ்டர் வேண்டவே வேண்டாமா? அப்படியும் இல்லை. இன்ஜின் மூடி, மூக்குப் பகுதி போன்றவற்றை வார்க்கும் அச்சு செய்ய அது போதும். அச்சு எடை கூடினாலும் நஷ்டம் இல்லை, அது பறக்கப் போவதில்லையே!

இன்னொரு விஷயம்: ஐந்து நிமிடத்தில் ஒட்டும் ட்யூப் பசையும் எபாக்ஸிதான். ஆனால் அது உடைந்த துண்டை ஒட்ட மட்டும். துணியை நனைக்கும் முன்பே இறுகிவிடும். துணி வேலைக்கு நீர்க்கத் தளர்வாக இருக்கும் 'லேமினேட்டிங்' ரெசின் என்று கேட்டு வாங்க வேண்டும். இந்தியப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படுவது அரால்டைட் எல்.ஒய். 556 ரெசினும் எச்.ஒய். 951 ஹார்டனரும்.

துணியில் ஜி.எஸ்.எம். பார்ப்பது ஏன்?

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே ஜி.எஸ்.எம். பறக்கப் போகும் விமானத்துக்கு இந்த எண்தான் உயிர்நாடி.

இறக்கை 150 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். மேலும் கீழும் சேர்த்து பரப்பு 0.75 சதுர மீட்டர்.

* 25 ஜி.எஸ்.எம். துணி: துணி 19 கிராம், ரெசின் அதே அளவு. மொத்தம் சுமார் 38 கிராம்.
* 49 ஜி.எஸ்.எம். துணி: மொத்தம் சுமார் 74 கிராம்.
* தொட்டி வேலைக்கான 300 ஜி.எஸ்.எம். மேட்: மேட் 225 கிராம். அது தன் எடையைப் போல் இரண்டு மடங்கு ரெசின் குடிக்கும். மொத்தம் சுமார் 675 கிராம்!

அந்தக் கடைசிக் கணக்கில் இறக்கை பலமாகத்தான் இருக்கும். விமானம்தான் தரையை விட்டு எழும்பாது.

மேட் என்பது நெய்த துணி இல்லை, வெட்டிய இழைகளைத் தூவி ஒட்டிய விரிப்பு. அந்த இழைகளைப் பிடித்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகவே போடப்பட்டது. எபாக்ஸியில் அது சரியாக நனையாது. எனவே விமானத்துக்கு நெய்த துணிதான். இறக்கைத் தோலுக்கு 25 அல்லது 49 ஜி.எஸ்.எம்., உடல் பகுதிக்கு 80 முதல் 160 ஜி.எஸ்.எம். வரை போதும். சக்கரம் பொருத்தும் இடம், இறக்கையின் நடுப்பகுதி போன்ற அடி வாங்கும் இடங்களில் மட்டும் இன்னொரு அடுக்கு கூடுதலாகப் போடலாம்.

ரெசின் அதிகம் ஊற்றினால் பலம் கூடாது, எடைதான் கூடும். பூசிய பிறகு பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்து, டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தால் மிச்சம் வெளியே வந்துவிடும்.

திருவண்ணாமலை வெயிலுக்கு என்ன செய்வது?

டப்பாவில் '30 நிமிடம்' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்தில் எடுத்த கணக்கு. சித்திரை, வைகாசியில் அடி அண்ணாமலையில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே 35 டிகிரியைத் தாண்டிவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ரெசின் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அரை மணி நேரம் கால் மணி நேரமாகிவிடும். அதனால் ஆன்லைனில் வாங்கும்போது மெதுவாக இறுகும் ஹார்டனரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளலாம். ஒரே கப்பில் மொத்தமாகக் கலந்தால் கப்பே சூடாகிப் புகையும். 30, 40 கிராமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றிப் பயன்படுத்தணும்.

ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்தால், எபாக்ஸியில் அது நடக்காது. பிசுபிசுவென்று நின்றுவிடும், அல்லது பலமில்லாமல் போகும். மேலே சொன்ன அரால்டைட் ஜோடிக்கு வழக்கமான அளவு 100 கிராமுக்கு 10 கிராம். இது எடைக் கணக்கு, மூடியால் அளக்கும் கணக்கு இல்லை. 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று அவசியம்.

ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் வேறு சிக்கல். ஈரக்காற்றில் இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு போன்ற படலம் வரலாம். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே அடுத்த பூச்சு.

முடித்த விமானத்துக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம் அடிப்பது பாதுகாப்பு. அறை வெப்பத்தில் இறுகிய ரெசின் கடும் சூட்டில் தளரும். ஃபைபர் கிளைடர்கள் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கக் காரணமும் இதுதான். பூட்டிய காருக்குள் வெயிலில் விமானத்தை விட்டுவிட்டுப் போகக்கூடாது.

கண்ணுக்கு ஆபத்து எதில்?

பாலியஸ்டரோடு இரண்டு சின்ன பாட்டில் தருவார்கள். ஒன்று கோபால்ட் ஆக்சிலரேட்டர், இன்னொன்று எம்.இ.கே.பி. எனப்படும் கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கக்கூடும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்க வேண்டும், அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். பாட்டில்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதும் தவறு.

கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலே பார்வை போகும் அபாயம் உண்டு. தெறித்தால் உடனே 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணாடி அணியாமல் அந்த மூடியைத் திறக்கவே கூடாது.

எபாக்ஸிக்கு வாடை குறைவு என்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். கையில் திரும்பத் திரும்பப் பட்டால் தோல் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் போகாது. நைட்ரைல் கையுறை போடணும். கையில் பட்டதைத் தின்னரால் துடைக்கக் கூடாது, சோப்பு போட்டுக் கழுவணும். இறுகிய ஃபைபரைத் தேய்க்கும்போது என்-95 மாஸ்க் கட்டாயம். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

பறக்கவிடும் முன்...

2021 ட்ரோன் விதிகளின்படி, மாதிரி விமானம் கண் பார்வைக்கு எட்டும் தூரத்துக்குள்தான் பறக்க வேண்டும். அந்த இடம் பச்சை மண்டலமா, தடை செய்த சிவப்பு மண்டலமா என்பதை அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். 14 கி.மீ. கிரிவலப் பாதையில் பவுர்ணமி தோறும் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். ஆட்கள் தலைக்கு மேல் ரெசின் பூசிய இறக்கையைப் பறக்கவிடுவது ஆபத்து.

கடையில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இது பாலியஸ்டரா, எபாக்ஸியா?
2. ஒட்டும் பசையா, துணி வேலைக்கான லேமினேட்டிங் ரெசினா?
3. ஹார்டனர் எடைக் கணக்கில் எவ்வளவு? எத்தனை நிமிடத்தில் இறுகும்?
4. துணி எத்தனை ஜி.எஸ்.எம்.? நெய்ததா, மேட்டா?
5. தயாரித்த தேதி, காலாவதி தேதி என்ன?

இவற்றுக்குப் பதில் கிடைத்தாலும், வாங்கிய ரெசினை நேராக இறக்கையில் பூச வேண்டாம். வெட்டி மிஞ்சிய தெர்மாகோல் துண்டில் ஒரு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்க. குழி விழுந்தால் போனது அந்தத் துண்டு மட்டும்தான்.